சும்மா இருந்தால் தொடரும்

2018 செப்டம்பரில், இங்கே ஜெர்மனியில், வீடு மாறினோம். ஜிம் தூரமாகிவிட்டதால், அக்டோபரோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அடுத்த அக்டோபர் வரை நீட்டித்தாயிற்றே" என்றாள். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டுமாம். ஒரு வருடப் பணம் போனதைவிட, நான் பேசாமல் இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்களே என்பதுதான் வலித்தது.

ஊரில் ரீசார்ஜ் தீர்ந்தால் போன் நின்றுவிடும். கேபிள் அண்ணன் மாதம் பிறந்ததும் அட்டையோடு வாசலில் நிற்பார். சும்மா இருந்தால் எல்லாம் தானாக நிற்கும். ஜெர்மனியில் சும்மா இருந்தால் தொடரும்.

புதிதாக வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: ஒப்பந்தம் முடியும் தேதியைக் குறிக்காதே, 'கூண்டிகுங்', அதாவது விலகல் கடிதம், கொடுக்க வேண்டிய கடைசித் தேதியைக் குறி. இப்போது சட்டம் இளகியிருக்கிறது. 2022 மார்ச் 1 முதல் போட்ட ஜிம், சந்தா போன்ற ஒப்பந்தமென்றால், முதல் ஒப்பந்தக் காலம் முடிந்து தானாக நீண்ட பிறகு, எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத அவகாசத்தில் விலகலாம். அதே ஆண்டு ஜூலையிலிருந்து, இணையத்தில் சந்தா விற்பவர்கள் விலகுவதற்கும் அங்கேயே ஒரு பொத்தான் வைத்தாக வேண்டும். ஆனால் முதல் ஒப்பந்தக் காலம் இரண்டு வருடம் வரை இருக்கலாம். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால்தான், ரசீது பத்திரம்.

நான் இதில் தேறிவிட்டேன். இணையம், காப்பீடு, ரயில் சந்தா எல்லாம் அம்மா வருடாவருடம் அனுப்பும் தினசரி காலண்டரில் இருக்கின்றன. ஜனவரியிலேயே தாள்களைப் புரட்டி, கெடுவுக்குப் பத்து நாள் முன்னால் ராகுகாலத்துக்குக் கீழே 'கடிதம் போடு' என்று எழுதிவிடுவேன். அன்றைய தாளைக் கிழிக்கும்போது வேலை கண்ணில் படும்.

சமையலறைக் காலண்டரில் அம்மா பால் கணக்கு எழுதியதும் இப்படித்தான். கட்டத்துக்குக் கட்டம் 'அரை', 'அரை', விருந்தாளி வந்த நாளில் 'ஒன்று'. ஊருக்குக் கிளம்பும்போது அவளுக்குக் கெடுவெல்லாம் கிடையாது. முதல் நாள் காலையில் பேப்பர் போடும் பையனின் சைக்கிள் மணி கேட்டதும், ஈரக் கையோடு வாசலுக்கு ஓடுவாள்.

"தம்பி, ஒரு வாரத்துக்கு வேண்டாம்ப்பா."

"சரிக்கா" என்று திரும்பிப் பார்க்காமலே போவான்.