புது ஹாரி பாட்டர் வாங்குமுன் புத்தகத்தின் முதுகைப் பாருங்கள்

அமெரிக்க நிறுவனமான எச்.பி.ஓ.வின் ஹாரி பாட்டர் தொலைக்காட்சித் தொடர் நெருங்க நெருங்க, அந்தப் புத்தகங்கள் புதுப்புது அட்டையோடு வந்துகொண்டேயிருக்கும். பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளே இருப்பது 1997 முதல் 2007 வரை வந்த அதே ஏழு கதைகள். மாறுவது படமும் அளவும் தாளும் கட்டும்தான். ஆகவே ‘புதுசு வந்திருக்கு’ என்று கேள்விப்பட்டால், எந்த வரிசையில் புதுசு என்று கேளுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக் கடைக்குச் சொல்லிப் பார்சலில் எடுக்கும்போது இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். பெயரை மட்டும் சொன்னால் கடையில் எது கிடக்கிறதோ அது வரும். முதலாம் புத்தகத்துக்கே இரண்டு பெயர்: பிரித்தானியப் பதிப்பில் ‘பிலாசஃபர்ஸ் ஸ்டோன்’, 1998இல் வந்த அமெரிக்கப் பதிப்பில் ‘சோசரர்ஸ் ஸ்டோன்’. இரண்டும் வேறு கதை என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.

2013இல் அமெரிக்கப் பதிப்பகமான ஸ்கொலாஸ்டிக், ஓவியர் கசு கிபூயிஷி வரைந்த அட்டைகளோடு வெளியிட்ட தொகுதியில், ஏழு புத்தகங்களின் முதுகுகளையும் (அலுமாரியில் வெளியே தெரியும் பக்கம்) வரிசையாக அடுக்கினால், கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் பள்ளிக் கோட்டை முழுதாகத் தெரியும். நடுவில் ஒன்று பிரித்தானியப் பதிப்பகமான ப்ளூம்ஸ்பரியின் பிரதியாக வந்தால் கோட்டையில் ஒரு துண்டு காணாமல் போகும். வீட்டிலுள்ள புத்தகத்தின் பின்னட்டையில் பட்டைக் கோட்டுக்கு மேலே இருக்கும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணைப் படமெடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். 978-1-4088, 978-1-5266 என்று தொடங்கினால் ப்ளூம்ஸ்பரி. ‘இதே வரிசையில் அடுத்தது’ என்று சேர்த்து எழுதுங்கள். மெல்லட்டையும் தடித்த அட்டையும் தனித்தனி எண் கொண்டவை.

ஓவியர் ஜிம் கேயின் பெரிய படப் பதிப்புகள் 2015இல் தொடங்கின. ஐந்தாவது 2022இல் நீல் பாக்கரும் சேர்ந்து வரைந்து வந்தது. இவை ஒவ்வொன்றும் ஒரு கிலோவைத் தாண்டும். மடியில் வைத்து வாசித்தால் கட்டு பிளக்கும், மேசையில் வைத்தே வாசிக்க வேண்டும். புதிதாக வந்ததும் முதுகை மேசையில் நிறுத்தி, முன்னால் பத்துத் தாள், பின்னால் பத்துத் தாள் என்று மாறி மாறி மெல்ல அமர்த்திக்கொண்டு நடுவுக்கு வாருங்கள். நேரே நடுவில் பிரித்தால் பசை வெடித்துத் தாள் கழன்றுவிடும்.

கார்த்திகை, மார்கழி மழைதான் நம்ம ஊரில் பெரிய எதிரி. இந்தப் பதிப்புகளின் வழுவழுப்பான தாள் நனைந்து காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், பிறகு பிரித்தால் படம் உரியும். ஈரமாக இருக்கும்போதே தாளுக்குத் தாள் வெள்ளைக் கடதாசி வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அட்டை வளையும். அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், காற்றோட்டம் இருந்தால் பூஞ்சணம் குறையும்.

மினாலிமா என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் பதிப்பில், 2020இல் வந்த முதலாம் புத்தகத்துக்குள் மடித்து விரிக்கும் தாள் வேலைகள் எட்டு இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் அவற்றில் ஒன்றான கடிதத்தை மூலையில் பிடித்து இழுப்பார்கள், ஒட்டிய இடம் கிழியும். மடிப்பின் அடியில் விரல் வைத்துத் திறக்கக் காட்டிக்கொடுங்கள். பழைய பிரதி வாங்கினால் காசு கொடுக்குமுன் எட்டையும் ஒவ்வொன்றாக விரித்து எண்ணுங்கள்.