நெட் தேர்வில் ஓடைப் பூச்சிகளிடம் நான் தோற்ற கதை

ரிசல்ட் வந்து மூன்று நாள் ஆகிறது. தேறிவிட்டேன், ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் இல்லை, உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும். போன முறை மூன்று மதிப்பெண்ணில் போனது. பார்ட் சி-யில் வந்த ஓடைக் கேள்வியைத் தப்பாகப் போட்டதில் நான்கும் போச்சு, கூட ஒன்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த எரிச்சலில் எழுதுவது இது. ஈகாலஜி முழுவதற்கும் வழி தேடுபவர்கள் வேறு இடம் பார்க்கவும்.

ராத்திரியெல்லாம் “ஷ்ரெட்டர், கலெக்டர், ஸ்கிரேப்பர், பிரிடேட்டர்” என்று ஓடைப் பூச்சிகளின் உணவுப் பிரிவுகளை (இலையைக் கிழிப்பவை, தூளைச் சேகரிப்பவை, பாசியைச் சுரண்டுபவை, பிற உயிர்களை வேட்டையாடுபவை) பூச்சிக் குடும்பப் பெயர்களோடு சேர்த்து உருப்போட்டேன். “கலெக்டருக்கா படிக்கிற?” என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கேள்வியோ, கரையோர மரங்களை வெட்டினால் என்ன ஆகும் என்று வந்தது. என் அட்டவணையில் மரமே இல்லை.

ஓடைச் சூழலியலாளர் கம்மின்ஸ் 1970களில் இந்தப் பிரிவுகளை வகுத்தது பூச்சி எதைத் தின்கிறது என்பதை வைத்து அல்ல, எப்படி எடுத்துத் தின்கிறது என்பதை வைத்து. எனக்கு அது உறைத்தது கொடைக்கானல் கீழ்மலையில் ஒரு ஓடையில். கல்லைப் புரட்டினால் தட்டையான மேஃபிளைப் பூச்சியின் நிம்ஃப் (இளம்பருவம்) ஒன்று நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நழுவியது. பாசியைச் சுரண்டும் ஸ்கிரேப்பர். பக்கத்தில் அழுகிய இலை, நரம்பு மட்டும் மிச்சம். பந்தி முடிந்த இலையை மாடு தின்பதைப் பார்த்திருப்பீர்களே, ஷ்ரெட்டரும் அப்படித்தான். இலையோடு சேர்ந்து போகும் பூஞ்சையில்தான் சத்து அதிகம். ஷ்ரெட்டர் சிந்தும் தூளும் போடும் கழிவும் நீரோடு போய், கீழே வலை கட்டிக் காத்திருக்கும் கேடிஸ்ஃபிளைப் பூச்சியின் லார்வாவுக்குச் சாப்பாடு; அது கலெக்டர்.

சரி, மரத்தை வெட்டுங்கள். இலை வரத்து நிற்கும், வெயில் விழும், பாசி படரும். ஷ்ரெட்டர் குறையும், ஸ்கிரேப்பர் கூடும். நான் டிக் செய்தது பிரிடேட்டரை!

அப்புறம் சில:

- நீரில் கிடக்கும் இலை, தூள் போன்ற கரிமத் துகள் 1 மி.மீ.க்கு மேல் என்றால் சிபிஓஎம், கீழே என்றால் எஃப்பிஓஎம். ஷ்ரெட்டருக்கு முன்னது, கலெக்டருக்குப் பின்னது.
- ப்ளாக்ஃபிளை லார்வா தலை விசிறியால் வடிகட்டும். கேதரர் (அடியில் படிந்த தூளைப் பொறுக்கும் கலெக்டர்) என்று போட்டுவிடாதீர்கள்.
- வேனோட் குழுவின் 1980 கருத்துப்படம் (மலையோடையிலிருந்து பெரிய ஆறு வரை உணவும் உயிர்களும் எப்படி மாறும் என்பது): வரையத் தெரிந்தால் போதும், நோட்ஸ் வேண்டாம். குறைந்தபட்சம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.
- பி/ஆர் (ஒளிச்சேர்க்கையில் உண்டாவதற்கும் சுவாசத்தில் செலவாவதற்கும் உள்ள விகிதம்) ஒன்றுக்குக் கீழே என்றதும் மலையோடை என்று பாயாதீர்கள். பெரிய ஆற்றிலும் அப்படித்தான், ஆனால் அங்கே காரணம் நிழல் இல்லை, கலங்கலும் ஆழமும். ஷ்ரெட்டரைத் தேடினாலும் கிடைக்காது. இரண்டாவது முறை இதில்தான் பிழைத்தேன்.