முள்ளுக்குச் சாமி வந்தது

அப்பாவின் வில்லிஸ் ஜீப்பில் வேகம் காட்டும் முள் மூன்று மாதமாகச் சாமியாடிக்கொண்டிருந்தது. 30 மைலில் போனால் 15-க்கும் 50-க்கும் நடுவே தாவும். பர்மாவில் எங்கள் பெகு ஊரில் ஒரு பட்டறைச் சயா (மேஸ்திரியை அங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டர் போச்சு, மாத்திடுங்க" என்றார். உலகப் போர்க் காலத்து வண்டிக்கு மீட்டரை எங்கே போய்த் தேடுவது?

ரங்கூன் சாலையில் மைல் கற்களை எண்ணிக்கொண்டே ஓட்டிப் பார்த்தேன். 20 கல் தாண்டியபோது மீட்டரில் தூரம் காட்டும் எண் 18 முடிந்து 19-ஐ நெருங்கியிருந்தது. திரும்பி வந்தபோதும் அதே கணக்கு. அந்தக் குறை டயரால் வருவது. 6.00-16 அளவு டயர் இருந்த இடத்தில் அப்பா அதைவிடப் பெரிய 7.00-16 மாட்டியிருக்கிறார், பெரிய சக்கரம் குறைவாகத்தானே சுற்றும்! ஆக, அடியில் டிரான்ஸ்ஃபர் பெட்டியில் (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) இருந்துகொண்டு மீட்டர் கேபிளைச் சுழற்றும் பல்சக்கரம் சரி.

மீட்டருக்குள் நடப்பது வேடிக்கையான வேலை. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதை மூடினாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம், அதன் தண்டில்தான் முள். இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. காந்தம் சுற்றச் சுற்றக் கிண்ணத்தை இழுக்கும், மயிரிழை போன்ற சுருள்வில் பின்னால் இழுக்கும், இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். கேபிள் திணறித் திணறிச் சுற்றினால் முள் துள்ளும். ஆனால் மொத்தச் சுற்று குறையாது, அதனால் தூரம் கெடாது.

சரி என்று கேபிளின் உள்கம்பியை உருவித் தரையில் நீட்டினேன். ஒரு முனையை விரலால் உருட்டினால் மறுமுனையும் கூடவே உருள வேண்டும். இதுவோ கொஞ்சம் அடங்கிக் கிடந்து, திடீரென்று மீன்போலத் துள்ளியது. நடுவில் துருவேறிய ஒரு கோணல். போன வருஷம் புதுத் தரைத் தகடு வைத்தவர்கள் துளையைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள், கேபிள் அங்கே முழங்கை மாதிரி மடங்கியிருந்தது.

துளையை அரத்தால் அகலமாக்கி ரப்பர் வளையம் வைத்தேன். பஜாரில் புது உள்கம்பி கிடைத்தது. கிரீஸ் கீழ்ப்பக்கம் மட்டும்தான் தடவினேன். மேல் முனையில் தடவினால் மீட்டருக்குள் ஏறிக் கிண்ணத்தையும் காந்தத்தையும் ஒட்டவைத்துவிடும், அப்புறம் சயா சொன்னதுதான் நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். அவர் வழக்கமாகப் போகும் வேகம்தான். முள் 35-இல் ஆடாமல் நின்றது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானாடா? ஐம்பதுல போறேன்னுல்ல உங்கம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்!"