இடது கண்ணுக்கு ஒரு வருஷ மாத்திரை

போன சித்திரை வெயிலில் இடது கண் சிவந்து தண்ணீராகக் கொட்டியது. மெட்ராஸ் ஐதானே, நாலு நாளில் போய்விடும் என்று நானே முடிவு கட்டி, தெருமுனை மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். சிவப்பு குறைந்தது. அப்புறம் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை, பஸ் நம்பரெல்லாம் புகைக்குள் இருப்பது மாதிரி தெரிந்தது. அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு, அதாவது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து, இருந்தது என்பது பிறகுதான் தெரியும்.

கண் டாக்டர் பஞ்சை நூலாகத் திரித்துக் கருவிழியைத் தொட்டார். வலது கண் படக்கென்று மூடிக்கொண்டது. இடது கண்ணில் தொட்டதே தெரியவில்லை, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்து மஞ்சள் சாயம் விட்டு, நீல விளக்கில் எடுத்த போட்டோவைக் காட்டினார்: மரக்கிளை மாதிரி பச்சையாக மின்னும் கோடுகள். ஹெர்பிஸ் வைரஸ். உதட்டோரம் கொப்புளம் போடுமே, அதே ஆசாமி. நரம்பில் பதுங்கிக் கிடந்து நேரம் பார்த்துத் தலைதூக்குமாம்.

அந்த வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் களிம்பு, நாளைக்கு ஐந்து வேளை. ஆறியது. ஆடிப்பெருக்கன்று திரும்ப வந்தது, இந்தத் தடவை கருவிழியின் உள் அடுக்கில். எந்த ஸ்டீராய்டு கெடுத்ததோ அதே ஸ்டீராய்டுச் சொட்டைத்தான் இப்போது அசைக்ளோவிர் மாத்திரையின் காவலோடு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மாத்திரை மட்டும் 400 மில்லிகிராம், காலை ஒன்று ராத்திரி ஒன்று, ஒரு வருஷம்.

ஒரு வருஷமா என்றேன். 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றைச் சொன்னார்: ஒரு வருஷத்தில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 32 பேருக்குத் திரும்ப வந்தது, மருந்து சாப்பிட்டவர்களில் 19 பேருக்கு. அடியோடு நிற்காது, ஆனால் ஒவ்வொரு தடவையும் தழும்பு கூடும் கண்ணுக்கு அந்த வித்தியாசம் பெரிசு. சிறுநீரகத்துக்காக கிரியாட்டினின் டெஸ்ட் எடுத்தார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள்.

கஷ்டம் மாத்திரையில் இல்லை, கண் நன்றாக இருக்கும்போது அதை விழுங்குவதில்தான். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் நாலு நாள் விட்டுவிட்டேன். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து வீட்டுக்காரி காபி டம்ளர் பக்கத்திலேயே மாத்திரையை வைத்துவிடுகிறாள்.

இப்போது பத்தாவது மாதம். வலி இல்லை, ஆனால் ராத்திரி எதிரே வரும் லாரி விளக்கு இடது கண்ணில் இன்னும் சிதறித்தான் தெரிகிறது.