தரம் 4 பிள்ளைகளுக்கு சயன்ஸ் விளங்கியிருக்கா எண்டு பாக்கப் போறவைக்கு

பீஎட் கடைசி வருச ஆய்வுக்கு ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின்ட விஞ்ஞான விளக்கத்த அளக்கிற தலைப்பு எடுத்தாக்கள் இருந்தா கட்டாயம் வாசிங்கோ. நான் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல தரம் 4 பிள்ளைகளோட செய்தனான், டொபிக் தண்ணி ஆவியாகிறதும் ஒடுங்கிறதும் (ஆவி திரும்பத் தண்ணியாகிறது). விஞ்ஞானம் தனிப் பாடமா தரம் 6ல தானே தொடங்குது, அதுவரைக்கும் எல்லாம் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குள்ள தான்.

வெறும் எம்சிகியூ குடுத்து மார்க்ஸ எடுத்துக்கொண்டு வந்திடாதீங்கோ. எங்கட பிள்ளைகள் தரம் 5 ஸ்கொலஷிப் சோதனைக்கு எண்டு பேப்பர் செய்து செய்து சரியான விடையப் பிடிக்கிறதில நல்ல கெட்டிக்காரர், விளங்கித் தான் போட்டதா எண்டு அதில தெரியவே தெரியாது. நாலு விடை இருந்தா சும்மா கோடு போட்டாலே 25% சரி வரும். விஞ்ஞானக் கல்வி ஆய்வாளர் டேவிட் ட்ரெகஸ்ட் 1988ல எழுதின ரெண்டு அடுக்கு முறையப் பாருங்கோ, மேல விடை, கீழ அதுக்குக் காரணம், ரெண்டும் சரியெண்டா தான் மார்க். நாலு விடை நாலு காரணம் எண்டா குருட்டுவாக்கில சரி வாறது 16ல 1 தான்.

அந்தக் காரணங்கள நீங்களா யோசிச்சு எழுதக்கூடாது, பிள்ளைகளின்ட வாயில இருந்து வரோணும். நான் ஐஸ் போட்ட கிளாஸ் ஒண்ட மேசையில வச்சன், கொழும்பு ஈரக்காத்துக்குக் கொஞ்ச நேரத்திலயே வெளிப்பக்கம் துளி பிடிச்சிட்டுது, எங்க இருந்து வந்தது எண்டு கேட்டா ஒரு பிள்ளை விரலால வழிச்சுப் பாத்திட்டு "உள்ளுக்க இருந்து கசியுது டீச்சர்" எண்டிச்சு, இன்னொண்டு "குளிர் தான் தண்ணியா மாறினது" எண்டிச்சு. 1983ல ஒஸ்போர்ன், கொஸ்குரோவ் எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் நியூசிலாந்துப் பிள்ளைகளிட்டக் கேட்டதுக்கும் இதே மாதிரி விடைகள் வந்திருக்கு! பிறகு சிவப்பு நிற நெக்டோ சோடாவ ஊத்தி வச்சு வெளியில டிசுவால துடைச்சுக் காட்டினன், டிசு வெள்ளையாவே இருந்துது, கசியுது எண்ட பிள்ளை அத வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துது. இப்பிடி வாற பதில்கள் தான் உங்கட பேப்பரில பிழையான தெரிவுகளா வரோணும், அவை சொன்ன சொல்லிலயே.

அதிபரிட்ட அனுமதி, அரசாங்க ஸ்கூல் எண்டா வலயக் கல்வி அலுவலகத்திலயும் கேளுங்கோ, பெற்றோரின்ட சம்மதமும் வேணும், இதெல்லாம் வேளைக்கே தொடங்குங்கோ. சோதனை வைக்கேக்க கேள்விய சத்தமா வாசிச்சு விடுங்கோ, இல்லாட்டி வாசிக்கக் கஸ்டப்படுற பிள்ளைக்கு விஞ்ஞானம் விளங்கேல்ல எண்டு பிழையா வந்திடும்.

உண்மையான சோதனைக்கு முதல் வேற வகுப்பில பைலட் (முன்னோட்டச் சோதனை) ஒண்டு கட்டாயம் செய்யோணும். கூட மார்க் எடுத்த 27%, குறைய எடுத்த 27% ரெண்டையும் பிரிச்சு, ஒவ்வொரு கேள்விக்கும் சரியாச் செய்தாக்களின்ட வீதத்த ரெண்டு பக்கமும் எடுத்துக் கழிச்சுப் பாருங்கோ, 0.2க்குக் (20%க்குக்) கீழ வந்தா அந்தக் கேள்வி விளங்கின பிள்ளையையும் விளங்காத பிள்ளையையும் சரியாப் பிரிக்கேல்ல, விட்டிடலாம், எக்செல்லே காணும்.

விடை சரி, காரணம் பிழை எண்டு வாற பிள்ளைகள மட்டும் திரும்பக் கூப்பிட்டுத் தனியக் கதையுங்கோ. ஆய்வறிக்கையின்ட நாலாம் அத்தியாயத்தில, முடிவுகளப் பற்றி எழுதுறதுக்குப் பெரும்பாலும் அதில இருந்து தான் கிடைக்கும், வைவாவிலயும் (வாய்மொழிச் சோதனை) என்னட்ட அதப் பற்றித் தான் கூடக் கேட்டவை.