வெள்ளைத் துருவும் சிவப்புத் துருவும்

செப்டம்பர் 28

வேலைப் பட்டியலை இன்று புதுத் தாளுக்கு மாற்றி எழுதினேன். மொத்தம் 23 வேலைகள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் கோத்து வைத்திருக்கிறேன், அவற்றின் முதுகில்தான் எழுதுவது. மாற்றி எழுதும்போது கவனித்தேன்: நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது, அன்று முதல் வரியில் இருந்த வேலை இன்றும் முதல் வரியில் இருக்கிறது. "வளவு, மேற்கு மூலைத் தகரம்." முற்றத்து மூலையில் கூரைத் தண்ணீரை வாங்கிவிடும் தகரத்தை மாற்றுவதுதான் அந்த வேலை.

காரைக்குடி சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில், வேலை பார்த்த காலத்தில் எனக்கு எந்த வேலையும் மூன்று நாள் தேங்கியதில்லை. காலையில் லாக் புத்தகத்தைத் திறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கும், மாலையில் கையெழுத்துப் போட்டு மூடுவோம். இப்போது காலையும் என்னுடையது, மாலையும் என்னுடையது. "அப்புறம் பார்க்கலாம்" என்றால் அந்த அப்புறத்துக்கு எல்லையே இல்லை.

செப்டம்பர் 30

காஸ் புத்தகத்தைத் தேடி எடுத்து வைத்தேன். கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றினேன். முகப்புத் திண்ணையில் விளக்கு மாட்டினேன். மூன்றுக்கும் டிக். முதல் வரி அப்படியே.

அக்டோபர் 2

மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். பட்டியலைப் பற்றிச் சொன்னேன். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் முடித்த வேலை ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை, அந்தத் தகரம் மட்டும் வந்து நிற்கிறது என்றேன். அதற்கு அவள் ஒரு விஷயம் சொன்னாள். ப்ளூமா ஸைகார்னிக் என்ற பெண் ஆய்வாளர் 1927-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறாராம். சோதனைக்கு வந்தவர்களிடம் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, சிலவற்றைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். பிற்பாடு கேட்டபோது, முடித்த வேலைகளைவிடப் பாதியில் விட்டவையே அவர்களுக்கு அதிகம் நினைவில் இருந்தன. 2011-இல் வேறு இருவர் அதற்கு மேல் ஒரு படி போய்ப் பார்த்தார்கள். மிச்சம் கிடக்கும் வேலையை எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று எழுதி வைத்தவர்களுக்கு, வேலை முடியாமலே அந்த உறுத்தல் குறைந்தது.

"நீங்க வேலையோட பேரை மட்டும் எழுதுறீங்க அப்பா" என்றாள்.

உண்மைதான். ஆய்வகத்தில் "எஃகுத் துண்டு" என்று மட்டும் யாரும் எழுத மாட்டோம். எந்தக் கரைசல், எத்தனை மணி நேரம், எத்தனை மணிக்கு எடுப்பது, யார் எடை போடுவது, எல்லாம் அதில் இருக்கும்.

அக்டோபர் 5

இன்று ஏணி வைத்து ஏறிவிட்டேன். கீழே என் மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் பக்கத்து வீடுகளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முகப்பு தாண்டி உள்ளே வந்தால் வளவு, நடுவில் வானம் பார்த்த முற்றம். நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் முற்றத்தை நோக்கித்தான் இறங்கும். இரண்டு சரிவு சேரும் மூலையில் ஓட்டுக்கு அடியில் ஒரு தகரம் மடித்து வைத்திருப்பார்கள். இரண்டு கூரைத் தண்ணீரையும் அதுதான் வாங்கி முற்றத்துக்கு விடும். ஆக, வீட்டிலேயே அதிகத் தண்ணீர் ஓடுகிற இடம் அந்த ஒரு முழ அகலத் தகரம். அது விட்டுக்கொடுத்தால் தண்ணீர் நேராக பர்மாத் தேக்குச் சட்டத்தின் தலையில் இறங்கும்.

குரங்குகள் ஓடுகளை நகர்த்திவிட்டிருந்தன. மூன்று ஓடுகளை எடுத்துப் பார்த்தேன். மேலே பாதித் தகரத்தில் சாம்பல் நிறத்தின் மேல் சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளைப் பூப்பு. அதைக் கண்டு நான் கலங்கவில்லை. அது துத்தநாகம் கரைந்து வரும் வெள்ளைத் துரு. தகரத்துக்குத் துத்தநாகப் பூச்சு கொடுப்பதே அதற்காகத்தான். இரும்புக்கு முன்னால் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். சின்னக் கீறல் விழுந்து இரும்பு தெரிந்தால்கூட, பக்கத்தில் துத்தநாகம் இருக்கும்வரை காவல் நடக்கும். அடிப்பாதியில் கை வைத்தேன். அங்கே சிவப்பு. சொரசொரவென்று, தொட்டால் ஏடு ஏடாகப் பெயர்ந்து வருகிறது. ஆணி அடித்த இடத்தைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாகக் கீழே சட்டத்தின் முனை தெரிந்தது, கருத்துப் போய்.

மண்டபம் கடற்கரையில் எஃகுத் துண்டுகளை உப்புக் காற்றில் மாட்டி வைத்து, மாதக்கணக்கில் விட்டு எடை குறைந்ததைக் கணக்கிட்டவன் நான். துரு யாருக்காகவும் காத்து நிற்காது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்பச்சி (என் அப்பா) பிறந்த வீட்டின் தேக்கு என் தலைக்கு மேல் மூன்று மழைக்காலம் நனைந்திருக்கிறது. இறங்கி வந்து வெகுநேரம் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன். வருத்தமாக இருந்தது.

அக்டோபர் 6

பட்டியலை மறுபடி எழுதினேன், வேறு மாதிரி. ஒவ்வொரு வேலையையும் தகரம் மாதிரி பார்த்தேன். வெள்ளையா, சிவப்பா?

இரண்டாங்கட்டில் விரிசல் விட்ட ஆத்தங்குடித் தரைக் கல் இரண்டு: வெள்ளை. காலில் இடறவில்லை, வருகிற கோடையில் மாற்றலாம். பழைய புகைப்படங்களை ஆல்பத்தில் ஒட்டுவது: வெள்ளை. தூண்களுக்கு எண்ணெய்: வெள்ளை, தை பிறந்த பிறகு. கொல்லைக் கிணற்றின் இரும்பு மூடி: சிவப்பு. பக்கத்து வீட்டுப் பேரப் பிள்ளைகள் அங்கே விளையாடுகிறார்கள். என் கண் பரிசோதனை: சிவப்பு. மூலைத் தகரம்: சிவப்பு.

டிக் போட்ட மூன்று போக மிச்சம் 20-இல் சிவப்பு ஆறுதான். மீதிப் பதினான்கைத் தைரியமாகத் தள்ளி வைத்தேன். மனது இவ்வளவு லேசானது எனக்கே ஆச்சரியம். தள்ளிப்போடுவதற்கு நெடுநீர் என்று ஒரு பழைய தமிழ்ச் சொல் உண்டு. ஆனால் காத்திருக்கக் கூடியதைக் காக்க வைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது என்று நினைக்கிறேன்.

என் மனைவி பட்டியல் எழுதி நான் பார்த்ததில்லை. மிளகாயும் மல்லியும் நேற்றே முற்றத்தில் காய்ந்தன. "ஐப்பசி வந்தா வெயில் இருக்காதுல்ல" என்றாள், அவ்வளவுதான். அவளுக்கு வேலையின் நேரத்தை வானம் சொல்கிறது.

அக்டோபர் 8

தகரத்துக்கு நேராக எப்போது, எங்கே, எப்படி என்று எழுத உட்கார்ந்தேன். கொத்தனார், தகரம், சாரம் எல்லாம் எழுதினேன். "எப்போது" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

வீடு எனக்கு மட்டும் சொந்தமில்லை. நாங்கள் ஏழு புள்ளி, அதாவது ஏழு குடும்பம், பங்காளிகள். அந்த மேற்கு மூலை பெரியப்பா மகன் அண்ணனின் பங்கில் வருகிறது. அண்ணன் கோயம்புத்தூரில். நாலு வருடத்துக்கு முன் பின்கட்டின் பழைய கதவு நிலைகளை விற்றுவிடலாம் என்று அவர் சொன்னார். காரைக்குடியில் பழைய சாமான் கடைகளில் அதற்கு நல்ல விலை உண்டு. நான் கூடாது என்றேன். வார்த்தை தடித்தது. அதற்கப்புறம் பேச்சில்லை.

மூன்று வருடமாக முதல் வரியில் நான் எழுதி வந்தது தகரத்தை. செய்யாமல் விட்டது அண்ணனுக்குப் பேச வேண்டிய போனை. இதை எழுதும்போது நெஞ்சு கனக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். தகரம் என்ற வரியை அடித்துவிட்டு, "நாளைக் காலை பத்து மணி, காபி குடித்ததும், அண்ணனுக்கு போன்" என்று எழுதினேன்.

அக்டோபர் 9

பத்து மணிக்குப் பேசினேன். நாலு தடவை மணி அடித்தது.

"அண்ணே, நான்தான்."

"தெரியுது, சொல்லு தம்பி."

மூலைத் தகரம் போய்விட்டது, சட்டத்தின் முனை கருத்திருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அந்த மூலைலதானப்பா அப்பத்தா ஒலக்கை சாத்தி வச்சிருக்கும்" என்றார்.

ஆமாம் அண்ணே என்றேன். செலவில் பாதி அனுப்புகிறேன் என்றார். கதவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இருபது நிமிடம் பேசியிருக்கிறோம். பெரும்பாலும் அப்பத்தாவைப் பற்றி.

அக்டோபர் 14, 15

இரண்டு நாள் வேலை. 22 கேஜ் தகரம், தேவைக்கு மேல் ஒரு சாண் நீளமாகவே வாங்கினேன். இதே வேலை உள்ளவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லி வைக்கிறேன். துத்தநாகத் தகரத்தில் செம்பு ஆணி அடிக்க விடாதீர்கள், செம்பைத் தொடுகிற இடத்தில் துத்தநாகம் சீக்கிரம் கரையும். ஈரச் சிமென்டுக் கலவை படுகிற இடத்துக்கு முதலில் தார் பூசச் சொல்லுங்கள். புதுத் தகரத்தின் மேல் நேரடியாகச் சாதாரண எனாமல் பெயின்ட் அடித்தால் உரிந்து வந்துவிடும், அதற்கென்று உள்ள பிரைமர் வேண்டும்.

சட்டத்தின் முனையை ஆசாரி உளியால் செதுக்கிப் பார்த்தார். அரை அங்குலம் கருப்பு, அதற்குள் தேன் நிறத்தில் மரம் திடமாக இருந்தது. செதுக்கிய சீவலை எடுத்து முகர்ந்தேன், தேக்கு வாசம் அப்படியே இருக்கிறது. சீவல் ஒன்றை ஒரு காகித உறையில் போட்டு அண்ணனுக்குத் தபாலில் அனுப்பினேன்.

அக்டோபர் 21

ராத்திரி ஒன்றரை மணிக்கு மழை பிடித்தது. எழுந்து வளவுக்கு வந்தேன். என் மனைவி எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தாள். டார்ச் அடித்து மூலையைப் பார்த்தோம். புதுத் தகரத்திலிருந்து தண்ணீர் ஒரே தாரையாக முற்றத்தில் விழுந்தது. சட்டத்தில் ஒரு சொட்டு ஈரமில்லை. கையால் தடவியும் பார்த்தேன். தாரைக்கு நேராக அண்டாவை இழுத்து வைத்தோம்.

நவம்பர் 4

கிணற்று மூடி முடிந்தது. கண் பரிசோதனையும் முடிந்தது, வலது கண்ணில் புரை ஆரம்பம், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

பென்ஷனுக்கான வாழ்நாள் சான்று ஒவ்வொரு நவம்பரிலும் கொடுக்க வேண்டியது. மூன்று வருடமும் கடைசி வாரம்வரை இழுத்தேன். இந்த வருடம் "நவம்பர் 4, திண்ணையில், தபால்காரர் வரும் நேரம்" என்று எழுதி வைத்து அவரிடமே சொல்லியும் வைத்திருந்தேன். 70 ரூபாய்தான், வீட்டுக்கே வந்து எடுக்கிறார்கள். வயதில் ரேகை தேய்ந்துவிட்டது, முதல் இரண்டு தடவை விழவில்லை. கையைக் கழுவித் துடைத்து வேறு விரலை வைத்ததும் விழுந்தது.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். உறை வந்து சேர்ந்ததாம், சீவலைப் பூஜை அறையில் வைத்திருக்கிறாராம். பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிறேன், அவரவர் வீட்டில் இழை எடுக்காமல் இந்தத் தடவை வளவில் எல்லாரும் சேர்ந்து எடுக்கலாம் என்றார். நோன்பன்று நூல் திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு விழுங்குவதைத்தான் இழை எடுப்பது என்போம்.

புதுத் தாள் ஒன்றில் எழுதினேன்: "அண்ணன் தங்குகிற அறை. பூட்டுக்கு எண்ணெய், ஜன்னல் கொக்கி, ஒரு கோட் வெள்ளை. நாளைக் காலை ஏழு மணி, வெயில் ஏறுவதற்குள்."

சாவியை இப்போதே தேடி எடுத்துத் தாளின் மேல் வைத்துவிட்டேன்.