டிப்பர் கட்டு

பிப்ரவரி 7, 2025
பிப்ரவரி 5-ல் டிப்பர் லாரி மோதி, பைக்கில் போன கொத்தனார் இறந்த வழக்கு. குடும்பத்துக்கு இழப்பீடு கேட்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் வந்தது. பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 281, 106(1): கண்மூடித்தனமாக ஓட்டியது, கவனக்குறைவால் மரணம். வண்டி எண் இருக்கிறது, அதுவே பெரிது. எண் இல்லாவிட்டால் ஹிட் அண்ட் ரன் திட்டத்தின் 2 லட்சத்தோடு கதை முடிந்திருக்கும்.

பிப்ரவரி 8
பார்வை மகஜரில் (போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதியது) 'சாலையின் இடது ஓரத்திலிருந்து 4 அடி'. ரஃப் ஸ்கெட்ச்சில் மோதிய இடத்தின் பெருக்கல் குறி நடுத்தாரில். இதை இப்படியே விட்டால், பைக் வலப்பக்கம் ஏறி வந்தது என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்; இறந்தவருக்கும் 20 சதவீதம் பங்குத் தவறு என்று இழப்பீட்டில் கழித்துவிட்டால் யாரைக் கேட்பது? டேப் பிடிக்காமல் காலடியில் அளந்த ஸ்கெட்ச். எரிச்சலாக இருக்கிறது.

பிப்ரவரி 9
பெட்ரோல் பங்க் கேமரா!

பிப்ரவரி 11
பதிவு கிடைத்தது. டி.வி.ஆர். (கேமராப் பதிவுப் பெட்டி) டிஸ்க் நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். சில இடங்களில் 15 நாள்கூடத் தாங்காது. பென் டிரைவில் வாங்கினால் மட்டும் போதாது. சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழ் வேண்டும்: 'அ' பகுதியில் கருவியை வைத்திருப்பவர், 'ஆ' பகுதியில் நிபுணர், ஹாஷ் மதிப்போடு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்).

பிப்ரவரி 20
எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட். 'இயந்திரக் கோளாறு காரணமல்ல.' பிரேக் பிடிக்கவில்லை என்ற சாக்கு இனி எடுபடாது. ஆனால் விஷயம் சேத விவரத்தில் இருக்கிறது. டிப்பரின் முன் பம்பரில் கீறல் இல்லை; இடது பின் மட்கார்டில் சிராய்ப்பு. பைக்கில் வலது ஹேண்டில் வளைந்து, ஃபுட்ரெஸ்ட் பெயர்ந்திருக்கிறது. நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போவதில்லை, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அப்படியென்றால் டிப்பர் பைக்கைத் தாண்டிப் போய், கிரஷர் ரோட்டுக்கு ஒடித்திருக்கிறது. கேமராவிலும் அதேதான்.

மார்ச் 3
நாலுமுக்கில் நிறுத்தக் கோடு அழிந்துவிட்டது, வேகத்தடுப்புக் கோடுகளும் இல்லை, மீடியன் அரளி ஆள் உயரம். 500 மீட்டருக்குள் 3 வருடத்தில் மரணமோ படுகாயமோ ஆன விபத்து 5 என்றால் அது கரும்புள்ளி. சாலை அமைத்தவரைக் கேள்வி கேட்க மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ இருக்கிறது. ஆனால் அபராதம் 1 லட்சம்வரைதான், அதுவும் விபத்து நிதிக்குப் போகும், குடும்பத்துக்கு இல்லை.

மார்ச் 19
இறந்தவரின் பிறந்த தேதி ஆதாரில் 01.01.1984. பள்ளி டி.சி.யில் 12.06.1985. ஜனவரி ஒன்று என்றாலே யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரமல்ல என்றது, அதுவும் விபத்து வழக்கில்தான். டி.சி. அசல் வேண்டும்.

மார்ச் 20
கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொத்தனார் வருமானம் மாதம் 15,000 என்று வைத்தால்:
வயது 39: எதிர்கால உயர்வு 40%, நாலில் ஒரு பங்கு கழிவு (அவரது சொந்தச் செலவு), பெருக்கி 15 (வயதுக்கேற்ற வருடக் கணக்கு). ரூ.28,35,000.
வயது 41: உயர்வு 25%, அதே கழிவு, பெருக்கி 14. ரூ.23,62,500.
ஒரு தேதியில் 4,72,500 போகிறது.

ஏப்ரல் 10
டிரைவரிடம் ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காலாவதி. இன்சூரன்ஸ் கம்பெனி இதைத்தான் பிடித்துத் தொங்கும். 'முதலில் கொடு, பிறகு ஓனரிடம் வசூலி' என்று உத்தரவு கேட்க வேண்டும். மனுவில் ஓனர் முகவரி சரியாக இல்லாவிட்டால் நோட்டீஸ் திரும்பித் திரும்பியே வருடம் ஓடிவிடும்.

மே 6
போலீஸின் விரிவான விபத்து அறிக்கைக்கு 90 நாள் கெடு இன்று. வரவில்லை.

ஜூலை 14
ஆகஸ்ட் 5 மனதில் இருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 166(3), மனு போட ஆறு மாதம். போலீஸ் அறிக்கை வரட்டும் என்று உட்கார்ந்தால் போச்சு.

டி.சி. அசல் வந்தது.

ஜூலை 22
மனுதாரர் யார் யார்? மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று மூவர் மட்டும் என்றால் கழிவு மூன்றில் ஒரு பங்கு. அம்மாவையும் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு, 3,15,000 வித்தியாசம். துணை இழப்புக்கும் (உறவை இழந்ததற்கான தொகை) தலைக்கு 48,400 கேட்கலாம். அம்மா சின்ன மகன் வீட்டில் இருக்கிறார். ரேஷன் கார்டில் யார் வீட்டில் பெயர்?

ஜூலை 24
கார்டு இன்னும் வரவில்லை.